இரண்டு மீட்டர் வித்தியாசம்

உட்காருங்கள் அம்மா, பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் போனில் யாரையோ, "உளுந்த ஊறப் போட்டியா இல்லியா?" என்று அதட்டியபோதுதான் தமிழ் என்று தெரிந்தது. இந்த டெவன் பக்கம் வந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. பஸ்ஸில் தமிழ் காதில் விழுவது இதுதான் முதல் தடவை. எக்ஸெட்டர் வரைக்குமா? நல்லதாகப் போயிற்று. நானும் அங்கே இறங்கித்தான் லண்டன் பஸ் பிடிக்க வேண்டும். நாளைக் காலையில் விமானம். நான் மட்டும்தான்.

ஒரு நியாயம் கேட்கிறேன், நடுவில் நின்று சொல்லுங்கள். ஒரு சர்வேயருடைய ஃபீல்டு புக்கை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு, தர மாட்டேன் என்று சொல்ல யாருக்காவது உரிமை உண்டா? பெற்ற மகளாகவே இருக்கட்டும்.

ஃபீல்டு புக் என்றால் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஒரு நோட்டு. அளக்கிற இடத்தில் நின்றபடியே எழுதுவது. வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் அது ஃபீல்டு புக் இல்லை, கதை. அதில் ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு மேலே திருத்தலாம். கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பயிற்சியில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம். முப்பத்துநாலு வருஷம் நான் ஒரு எழுத்தை அழித்ததில்லை. தெய்வநாயகம் என் பெயர். தென்காசி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி என்று சுற்றி, சர்வே டெபுடி இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன்.

முப்பத்துநாலு வருஷமும் என்ன அளந்தேன் என்று நினைக்கிறீர்கள்? அடுத்தவன் சண்டையை. அண்ணன் வரப்பு தம்பி வயலில் அரை அடி ஏறிவிட்டது, கோயில் நிலத்தில் கடைக்காரன் படிக்கட்டு வந்துவிட்டது, இதுதான். அம்பாசமுத்திரத்தில் நின்றால் பொதிகை மலை கண்ணெதிரே நிற்கும். அதை அளக்க யாரும் மனுப் போட மாட்டார்கள். மலை யார் பட்டாவிலும் இல்லையே. ஒரு மலையையாவது அளக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. சிரிக்காதீர்கள்.

மகள் பகவதி ஓக்ஹாம்டனில் வீடு வாங்கியிருக்கிறாள். அவளுக்கும் மாப்பிள்ளை ஹரிகரனுக்கும் கம்ப்யூட்டர் வேலை. மாப்பிள்ளை பாதி நாள் வெளியூர். மார்ச் கடைசியில் நானும் என் மனைவி செண்பகவல்லியும் வந்து இறங்கினோம். வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் டார்ட்மூர். மரம் கிடையாது, பயிர் கிடையாது. பழுப்புப் புல்லும் சேறும், மேலே மேலே குன்றும். குன்றின் தலையில் யாரோ அடுக்கிவைத்த மாதிரி பாறை. அப்படிப் பாறைத் தலை உள்ளதை டோர் என்கிறார்கள். பொதிகைக்கு முன்னால் இதெல்லாம் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் மலை மலைதான்.

பக்கத்து வீட்டில் ராய் என்று ஒரு கிழவர். எண்பது வயது. ஆட்டுக்காரர். மேய்க்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள், முந்நூறு ஆடு வைத்திருந்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, வந்த மூன்றாம் நாளே என்னை வம்புக்கு இழுத்தார்.

"சர்வேயரா நீங்கள்? அப்படியானால் சொல்லுங்கள், இங்கே எது உயரம்?"

ஓக்ஹாம்டனுக்குத் தெற்கே இரண்டு சிகரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. யெஸ் டோர், ஹை வில்ஹேஸ். யெஸ் டோர் கோபுரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஹை வில்ஹேஸ் அதற்குப் பின்னால் எருமை முதுகு மாதிரிப் படுத்துக் கிடக்கும். வரைபடத்தில் யெஸ் டோர் அறுநூற்றுப் பத்தொன்பது மீட்டர், ஹை வில்ஹேஸ் அறுநூற்று இருபத்தொன்று. இரண்டே மீட்டர். நான் வரைபடத்தைக் காட்டினேன்.

"காகிதம் என்ன வேண்டுமானாலும் சொல்லும்," என்றார் ராய். "என் அப்பா யெஸ் டோர்தான் பெரிது என்பார். அளக்கிற தூண்கூட அதன் தலையில்தான் நிற்கிறது. கண் இருக்கிறதல்லவா, பாருங்கள்."

அளவைத் தூணை உயரம் பார்த்து நடுவதில்லை, நாலு பக்கமும் பார்வை போகிற இடம் பார்த்து நடுவார்கள் என்று சொன்னேன். அவர் ஆட்டைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்புறம் எனக்குத் தூக்கம் பிடிக்குமா?

பகவதி சொன்னாள்: "அப்பா, மேப்லயே போட்டிருக்கு. நீங்க வேற எதுக்கு அளக்கணும்?"

"மேப்ல போட்டிருக்குன்னு விட்டுட்டா சர்வேயர் எதுக்கும்மா?"

"அந்த ஆளு சும்மா சீண்டுதாரு. வயசாளிக்கு வேற வேல இல்ல."

"எனக்கும் இல்ல," என்றேன்.

இருக்கிற கருவி ஒன்றுதான். கையில் பிடித்துப் பார்க்கிற சின்ன லெவல் குழாய். ஊரிலிருந்தே கொண்டு வந்திருந்தேன். மருந்துப் பெட்டியை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன். ஒரு சிகரத்தில் நான் நின்று குழாயில் பார்க்க வேண்டும். மற்றதில் ஒருவர் அடையாளம் பிடித்து நிற்க வேண்டும். அடையாளம் மட்டத்துக்கு மேலே தெரிந்தால் அது உயரம், கீழே தெரிந்தால் இது உயரம். ஆபீஸில் அதற்கு செயின்மேன் உண்டு. மாடசாமி என்று ஒருவன் இருந்தான். கையைத் தூக்கினால் வலது, இறக்கினால் இடது என்று அவனுக்குப் புரியவைக்க மூன்று மாதம் ஆயிற்று. செண்பகம் ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொண்டாள். தோட்டத்தில் சிவப்புக் குடையைக் கொடுத்து நிற்கவைத்தேன். கை காட்டினால் காட்டின பக்கம் நகர்ந்தாள். மாடசாமியைவிடக் கெட்டிக்காரி என்று அன்றைக்கே பாராட்டினேன். நான் பாராட்டுவதே இல்லை என்று பகவதி சொல்வது பொய்.

ஆனால் நேரே பெரிய சிகரத்துக்குப் போக முடியாது. நடை பழக வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு குன்று என்று வைத்துக்கொண்டோம். செண்பகம் சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகி, மகளுடைய பழைய கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொள்வாள். தோள்பையில் புளியோதரையும் வெந்நீர்க் குடுவையும். நான் நோட்டும் கருவியும்.

ஏப்ரலில் பெல்ஸ்டோன். அது சின்னது. செண்பகம் மூன்று இடத்தில் நின்றாள். எழுதிக்கொண்டேன். ஏன் எழுதினேன் என்றால், நடை வேகம் கணக்கிட வேண்டுமானால் நின்ற நேரத்தைக் கழிக்க வேண்டும் அல்லவா? 'செ. நின்றாள், 2 நிமிடம்.' அவ்வளவுதான். மே மாதம் காஸ்டன். அதோ, உங்கள் தோளுக்கு மேலே திரும்பிப் பாருங்கள், கவிழ்த்த சட்டி மாதிரி தெரிகிறதே, அதுதான். ஒரு காலத்தில் அதுதான் டார்ட்மூரிலேயே உயரம் என்று நம்பினார்களாம். கண்ணை நம்பினால் அப்படித்தான். அங்கே ஏழு தடவை நின்றாள். ஜூனில் கிரேட் லிங்க்ஸ் டோர். பதிமூன்று. அதில் இரண்டு தடவை உட்கார்ந்தே விட்டாள்.

போகப்போகக் குறைய வேண்டியது கூடுகிறது. எனக்குக் கணக்கு இடித்தது. பழக்கம் வரவில்லை என்று நினைத்தேன். சோம்பல் என்று நான் சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னேன். ஒரே தடவை.

அன்றைக்கு அவள் ஒரு கல்லில் கையை ஊன்றிக்கொண்டு, "இங்கேருங்க, காத்து பத்தமாட்டேங்கு," என்றாள்.

"மலை உச்சியில காத்துக்கா பஞ்சம்?" என்றேன்.

சிரித்தாள். அவளும்தான் சிரித்தாள். அதைச் சொன்னால் பகவதி நம்ப மாட்டேன் என்கிறாள்.

ஜூலை கடைசி ஞாயிறு யெஸ் டோருக்கு நாள் குறித்தேன். அந்தப் பக்கம் ராணுவம் சுட்டுப் பழகுகிற இடம். சுடுகிற நாளில் உச்சிகளில் சிவப்புக் கொடி ஏற்றிவிடுவார்கள், யாரும் போகக் கூடாது. அன்றைக்குச் சுடவில்லை என்று பகவதிதான் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு ஆபீஸ் வேலை இருந்தது. காரில் கொண்டுவந்து பாதை ஆரம்பத்தில் விட்டாள். நாலு மணிக்கு வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு.

இறங்கும்போது, "அம்மா, உனக்கு முகமே சரியில்ல. கார்லயே வந்துரு. அப்பா போயிட்டு வரட்டும்," என்றாள்.

செண்பகம்தான் சொன்னாள், நான் இல்லை: "போயிருதேன்டி. இன்னைக்கோட முடிஞ்சிரும். இல்லேன்னா இவுக அடுத்த ஞாயித்துக்கெழமையும் இதையேதான் பேசுவாக."

பாதை இரண்டு சிகரத்துக்கும் நடுவில் இருக்கிற கழுத்து மாதிரியான இடத்துக்கு ஏறிப் போகிறது. அங்கே பிரிந்தோம். யெஸ் டோர் பக்கம் பாறை, செங்குத்து. அதை நான் எடுத்துக்கொண்டேன். ஹை வில்ஹேஸ் பக்கம் சரிவு லேசு. லேசான பக்கத்தைத்தான் அவளுக்குக் கொடுத்தேன், இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். குடையைக் கொடுத்து, உச்சியில் கல் குவித்து வைத்திருப்பார்கள், அதன் பக்கத்தில் விரித்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நில் என்றேன். போன் என்னிடம் இருந்தது. இரண்டு பேருக்கு ஒன்று போதாதா?

நான் யெஸ் டோர் ஏறித் தூணில் முதுகைச் சாய்த்து நின்றேன். காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளி எருமை முதுகின் மேல் சிவப்பாக ஒரு பொட்டு. சரியான இடம். ஒரு அடிகூடத் தப்பவில்லை. குழாயைக் கண்ணில் வைத்து, உள்ளே இருக்கிற காற்றுக் குமிழ் நடுவில் வர மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். முதல் அளவு எழுதினேன். ஒரு அளவு போதாது, மூன்று எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். இரண்டாவது அளவுக்குக் குழாயைத் தூக்கினால் பொட்டைக் காணோம்.

மணி இரண்டு பத்து. குடை கீழே. எழுதினேன்.

கை வலித்து இறக்கியிருப்பாள் என்று நினைத்தேன். கையைத் தூக்கிக் காட்டினேன். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். குதித்தும் காட்டினேன், இந்த வயதில். இரண்டு பதினாலு, குடை இன்னும் கீழே. எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன்? நாலு மாத உழைப்பு, இன்னும் ஐந்து நிமிஷம் பிடித்தால் முடிந்துவிடும். இரண்டு இருபது வரை பார்த்தேன். அப்புறம் கருவியைத் துடைத்து உறையில் போட்டு, வாரை இறுக்கிக்கொண்டு கிளம்பினேன். கருவியைத் திறந்து போட்டுவிட்டு ஓட முடியுமா? அது கையோடு வந்த பழக்கம். இரண்டு இருபத்தெட்டுக்குத்தான் அந்தத் தூணைவிட்டு நகர்ந்தேன். அதுவும் எழுதியிருக்கிறது.

நான் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே நாயோடு வந்த ஒரு புருஷன் பெண்சாதி அவளைப் பார்த்துவிட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் செண்பகத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். குடையை நாய் காவல் காத்தது. புருஷன்காரர் போனில் இருந்தார்.

"இவரோடு வந்தவரா நீங்கள்?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம்," என்றேன். "அந்த மலையில் இருந்தேன்."

அவர் அந்த மலையைப் பார்த்தார். என் கழுத்தில் தொங்கிய உறையைப் பார்த்தார். மறுபடி போனைக் காதில் வைத்துக்கொண்டார். அப்புறம் ஹெலிகாப்டர் வந்தது.

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். மூன்று ரத்தக் குழாயில் அடைப்பு. முன்னதாக டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்று: மூச்சு வாங்குவது எப்போதிலிருந்து? பகவதிக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. நான்தான் நோட்டை எடுத்து நீட்டினேன்.

பகவதி அதை வரிவரியாக இங்கிலீஷில் படித்துச் சொன்னாள். ஏப்ரல், மூன்று தடவை. மே, ஏழு. ஜூன், பதிமூன்று, இரண்டு முறை உட்கார்ந்தாள். குறிப்பு என்கிற கட்டத்தில், 'காற்று போதவில்லை என்கிறாள்.' டாக்டர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். "மிகவும் உபயோகமாக இருக்கிறது, இவ்வளவு துல்லியமாக யாரும் கொண்டுவந்ததில்லை. யார் எழுதியது?" என்றார். டாக்டரே பாராட்டினார், அம்மா. பகவதி, "என் அப்பா," என்றாள். அதற்கப்புறம் பக்கத்தைத் திருப்பினாள். யெஸ் டோர் பக்கம். அதை அவள் இங்கிலீஷில் சொல்லவில்லை. தனக்குள்ளேயே படித்தாள். இரண்டு முறை படித்தாள். நோட்டை மூடித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அன்றைக்குப் போனதுதான்.

வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டது இரண்டே வார்த்தை. "பதினெட்டு நிமிஷம்ப்பா?"

கழித்துப் பார்த்தால் பதினெட்டுதான். சரியாகத்தான் கழித்திருக்கிறாள். நான் எழுதாமல் விட்டிருந்தால் யாருக்காவது தெரியுமா? என் நேர்மையே எனக்கு எதிர்ச் சாட்சியாக வந்து நிற்கிறது. நியாயமா இது? நீங்கள் ஏன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறீர்கள்?

சரி, அவளை விடுங்கள். சின்னவள். நான் செண்பகத்திடம் கேட்டேன். ஆஸ்பத்திரியில், குழாயெல்லாம் எடுத்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில்தான் கேட்டேன்: "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன்," என்றாள். "எழுதிக்கிட்டீங்க."

இதில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவள் எதையும் சத்தமாகச் சொல்கிறவள் இல்லை. நாற்பத்தோரு வருஷம். உப்பு கூடிவிட்டது என்று நான் தட்டைத் தள்ளினால், மறுபடி சமைத்துக்கொண்டு வருவாளே தவிர ஒன்றும் பேச மாட்டாள்.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிவிட்டது, இனி விமானத்தில் போகலாம் என்று டாக்டர் சொன்னார். போன வாரம்தான். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். "உங்களுக்குப் போக விருப்பமா?" என்று நேரே அவளைப் பார்த்துக் கேட்டார். செண்பகத்துக்கு இங்கிலீஷ் வராது. பகவதி மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். அதற்குள் இவள் தலையை ஆட்டிவிட்டாள். இல்லை என்று. டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார். விசாவை நீட்டிக்க பகவதி மனுப் போட்டிருக்கிறாள், டாக்டர் கடிதத்தோடு.

நான் அவளிடம் தனியாகவும் கேட்டுவிட்டேன். அடுப்படியில் எனக்குப் பயணத்துக்கு மிளகாய்ப்பொடி இட்லி கட்டிக்கொண்டிருந்தாள். "செண்பகம், டிக்கெட் ரெண்டு பேருக்கும் இருக்கு. நான் கேன்சல் பண்ணல. ஊருல வீடு பூட்டிக் கெடக்கு. நான் ஒத்தையில என்ன செய்வேன்?"

"கேஸ் சிலிண்டர் ரெண்டும் நெறஞ்சிருக்கு," என்றாள். "பக்கத்து வீட்டு வேலம்மாகிட்ட சாவி இருக்கு. பி.பி. மாத்திர ராத்திரிக்கு, சுகர் மாத்திர காலைல. மாத்திப் போட்டுராதீங்க."

"நான் அதைக் கேக்கல."

இலையை மடித்து நூல் சுற்றினாள். இரண்டு சுற்று. முடிச்சுப் போட்டாள். "எனக்கு இங்க யாரும் நேரம் பாக்கல," என்றாள்.

ஓய்வு எடுக்க வசதி என்றுதான் அதற்கு அர்த்தம் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு என்ன இருக்க முடியும்? உடம்பு தேறினால் பொங்கலுக்குள் வந்துவிடுவாள். டாக்டர் நல்ல மனிதர், அவரே சொல்லி அனுப்பிவைப்பார்.

பகவதி ஏர்போர்ட் வரை காரில் விடுகிறேன் என்றாள். நாலு மணி நேரம் அவள் வாய் திறக்காமல் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பஸ்ஸிலேயே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஸ்டாப் வரை வருகிறேன் என்று செண்பகம் கூடக் கிளம்பினாள். தினம் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் அவளை. வீட்டிலிருந்து ஸ்டாப் மேட்டில் இருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு நான் முன்னால் போகிறேன், பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. திரும்பினேன். ஒரு வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். கையில் நோட்டு இல்லை. வாட்சையும் பார்க்கவில்லை. சும்மா நின்றேன், அம்மா. அந்த மதிலில் ஒரு மஞ்சள் பூச்செடி சாய்ந்துகிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் நிக்கீங்க?" என்றாள். "பஸ்ஸு போயிரும்."

"போனா அடுத்த பஸ்ஸு," என்றேன்.

"வேண்டாம். போங்க."

நான் போய் ஏறிக்கொண்டேன். டிரைவர் உடனே எடுக்கவில்லை. யாரோ ஒரு அம்மாள் தள்ளுவண்டியோடு ஏற நேரமாயிற்று. இறங்கியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செண்பகம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். மேட்டிலிருந்து கீழே கோடி வரை தெரிகிறது அந்தத் தெரு. இறக்கத்தில் அவள் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.